பந்தி நடுவே பூச்சட்டி

நம்முடைய கலியாணங்களில் புதிதாக ஓர் உத்தியோகம் ஏற்பட்டிருக்கிறது. சாப்பாட்டு மேஜையின் நடுவில் எதை வைப்பது என்று யோசித்துச் சொல்வதற்கு ஓர் ஆள். அவர் சமையல்காரர் அல்ல, பூக்காரர் அல்ல, பந்தல்காரரும் அல்ல. சமையல்காரருக்கு அரிசி தெரிய வேண்டும். பூக்காரருக்கு நார் தெரிய வேண்டும். பந்தல்காரருக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்பது தெரிய வேண்டும். இவருக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கையில் ஒரு செல்போன் இருந்தால் போதும். அதில் விரலால் தள்ளத் தள்ள மேஜைகள் வந்துகொண்டே இருக்கும். வட்ட மேஜை, அதன்மேல் வழுவழுப்பான துணி, அதன் நடுவில் நீண்ட கண்ணாடிக் குழாய், அதன் உச்சியில் பூக்கள். அப்படி ஒருவர் எனக்கு நாற்பது ஐம்பது படங்கள் காட்டினார். எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு மேஜையிலாவது சோறு இல்லை.

பூவின்மேல் எனக்குக் கோபம் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. நம் கலியாணத்தில் பூ இல்லாத இடம் எது? வாசலில் பூ, மணவறையில் பூ, பெண்ணின் தலையில் பூ, மாப்பிள்ளையின் கழுத்தில் பூ, தாலியை ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவரும் தட்டில் பூ. ஒரே ஓர் இடத்தில்தான் பூ வைக்காமல் விட்டிருந்தார்கள். அது இலை போடும் இடம். நம் பாட்டன்மார்களுக்கு அந்த யோசனை தோன்றாமல் போய்விட்டது என்று அலங்காரக்காரர்கள் நினைக்கிறார்கள். தோன்றாமல் இல்லை; தேவைப்படவில்லை. மேஜை நடுவே வைக்கிற அந்தப் பூச்சட்டி நம் பந்திக்குள் வந்ததும் இரண்டு காரியம் செய்கிறது. பரிமாறுகிறவனை வெளியே தள்ளுகிறது. உட்காருகிறவர்களைத் தரம் பிரிக்கிறது. முதலாவது அசௌகரியம் என்று பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது அக்கிரமம்.

முதலாவதை முதலில் பார்ப்போம்.

நம் பந்தி மேஜை நீளமானது. அகலம் இரண்டடிகூடத் தேறாது. ஒரு பக்கத்தில்தான் ஆட்கள் உட்காருவார்கள். எதிர்ப்பக்கம் நடைபாதை. நடைபாதைக்கு அப்பால் எதிர் வரிசை. இலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம். மேல்பாதியில் கறி, கூட்டு, பச்சடி, ஊறுகாய்; கீழ்ப்பாதியில் சோறு. பரிமாறுகிறவன் உண்பவருக்கு நேர் எதிரில் நிற்கிறான். இலையைப் பார்க்கிறான், முகத்தைப் பார்க்கிறான். ‘போதும் போதும்’ என்று வாய் சொல்லும். கை இலைக்கு மேலே குடை பிடிக்கும். அந்தக் கை இலையை ஒட்டி இருக்கிறதா, ஒரு சாண் உயரத்தில் நிற்கிறதா என்பதைப் பார்த்தே, நிஜமாகவே போதுமா அல்லது இன்னும் ஒரு கரண்டி வேண்டுமா என்பதை அவன் கண்டுகொள்வான். இது எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுக்காத வித்தை. இதற்குப் பரிமாறுகிறவன் எதிரில் நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு செய்யக்கூடிய வேலை அல்ல இது.

அந்த நடைபாதையில்தான் பெண்ணைப் பெற்றவரும் வருவார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ‘நல்லாச் சாப்பிடுங்க, பாயசம் வந்துச்சுங்களா?’ என்று கேட்டுக்கொண்டே போவார். ஆக, நம் பந்திக்கும் ஒரு நடு உண்டு. அது மேஜைமேல் இல்லை. இரண்டு வரிசைக்கும் இடையில் இருக்கிறது. அங்கே ஆட்கள் நடமாடுகிறார்கள்.

ஐரோப்பாக்காரர்களுக்கு மேஜை நடுவில் பூ வந்த கதை வேறு. பழைய பிரெஞ்சு விருந்துகளில் பதார்த்தங்களை ஏகமாக ஒரே சமயத்தில் மேஜையின்மேல் பரப்பிவிடுவார்கள். நடுவில் பெரிய பாத்திரம், சுற்றிலும் தட்டுகள், எல்லாம் கோலம் போட்ட மாதிரி அளவாக இருக்கும். உட்கார்ந்தவர்கள் எட்டியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 1810-ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸில் ருஷ்யத் தூதராயிருந்த குராகின் என்பவர் தம் நாட்டு வழக்கத்தை அங்கே கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். ருஷ்ய வழக்கப்படி பதார்த்தம் ஒவ்வொன்றாகச் சமையற்கட்டிலிருந்து வரும். வேலையாள் பக்கத்தில் வந்து நின்று பரிமாறுவான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த முறை ஐரோப்பாவில் மெல்ல மெல்லப் பரவிற்று. பாத்திரங்கள் மேஜையை விட்டு இறங்கிப் போனதும் நடுவில் ஒரு பொட்டல் வெளி விழுந்தது. அந்தப் பொட்டலை மறைக்கப் பூவும் பழமும் ஏறின. 1861-ல் லண்டனில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தார் மேஜை அலங்காரத்துக்கென்றே ஒரு போட்டி நடத்தினார்கள். தாமஸ் மார்ச் என்பவர் முதல் பரிசு வாங்கினார். கீழே அகலமாக ஒரு தட்டு, அதிலிருந்து மெல்லிய கண்ணாடித் தண்டு, உச்சியில் இன்னொரு தட்டு. பூவெல்லாம் கீழேயும் மேலேயும். கண் மட்டத்தில் ஒன்றுமில்லை. எதிரில் இருப்பவரின் முகம் மறையக் கூடாது என்பது அவர் போட்ட கணக்கு. இன்றைக்கும் அந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்கள் ஓர் அடிக்குக் கீழே வை, இல்லையென்றால் இரண்டடிக்கு மேலே தூக்கு என்றுதான் சொல்வார்கள்.

மார்ச் நன்றாக யோசித்து வேலை செய்தவர். அவருடைய மேஜைக்கு அது பொருத்தம். நமக்கோ பதார்த்தம் என்றைக்கும் மேஜை நடுவில் இருந்ததில்லை. வாளியிலும் தூக்கிலும் நடந்து வருகிறது. நம்மிடம் இல்லாத பொட்டலை நிரப்புவதற்கு நாம் காசு கொடுக்கிறோம். அதைவிட வேடிக்கை, நிரப்புவதற்கு வேண்டிய பொட்டலையும் நாமே காசு கொடுத்து வாங்குகிறோம். நீள மேஜையை எடுத்துவிட்டு வட்ட மேஜை போட்டால்தானே நடுவில் இடம் விழும்?

சென்ற தை மாதம் வெண்ணந்தூரில் என் ஒன்றுவிட்ட தம்பியின் மகள் கலியாணத்தில் இதைக் கண்ணாரப் பார்த்தேன். வெண்ணந்தூரைத் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில் அத்தனூர்ப் பக்கம் உள்ளே திரும்பினால் வருகிற ஊர் அது. ராசிபுரம் பக்கத்தில். அலவாய்மலை கண்ணெதிரே நிற்கும். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிகிற வரைக்கும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததாக இருந்தது. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். முன்பெல்லாம் கைத்தறி, இப்போது பெரும்பாலும் விசைத்தறி. என் தம்பி நான்கு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறவன்.

மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது வட்ட மேஜைகள். ஒவ்வொன்றும் ஐந்தடி விட்டம். சுற்றளவைக் கணக்குப் பண்ணினால் பதினைந்தே முக்கால் அடி வரும். எட்டுப் பேர் உட்கார்ந்தால் தலைக்கு இரண்டடிக்கும் சற்றுக் குறைவு. தலைவாழை இலை ஒன்றே இரண்டடி நீளம் இருக்கும். அது வளைந்த விளிம்பில் நேராக உட்காராது. உள்ளே தள்ளினால் பக்கத்து இலையின்மேல் ஏறும். வட்டம் உள்ளே போகப் போகச் சுருங்கும் அல்லவா? ஆகவே இலையை நறுக்கினார்கள். பரமத்தி வேலூரிலிருந்து வந்த நல்ல இளந்தளிர் இலை. அதைத் துண்டு துண்டாக வெட்டித் தட்டின்மேல் வைத்தார்கள். நடுவில் பூச்சட்டி மட்டும் வெட்டுப்படாமல் முழுசாக நின்றது.

பரிமாறும் பையன்கள் தோளுக்குப் பின்னாலிருந்து கரண்டியை நீட்டினார்கள். உண்பவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பி, ‘கொஞ்சமா’ என்று காற்றைப் பார்த்துச் சொன்னார்கள். ஒருவர் இடப்பக்கம் திரும்பிக் கை காட்டினார். ரசம் வலப்பக்கத்திலிருந்து இறங்கிற்று. மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையாகிற ஒரு பெரியவர் சேலம் வெண்பட்டு அங்கவஸ்திரம் போட்டிருந்தார். மேஜை நடுவில் இருந்த லில்லிப் பூவிலிருந்து செங்காவி நிறத்தில் மகரந்தம் உதிர்ந்து அதில் ஒட்டிக்கொண்டது. பாவம், தட்டினால் போய்விடும் என்று தட்டினார். அது தட்டத் தட்டப் பரவுகிற ஜாதி. பெண்ணைப் பெற்ற என் தம்பி மேஜைகளுக்கு இடையில் புகுந்து போக முடியாமல் வாசற்படி ஓரமாக நின்று பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

பூச்சட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டேன். பச்சை நிறத்தில், பஞ்சு போல, விரலால் அழுத்தினால் பொடிந்துபோகிற ஒரு கட்டி. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் வெர்னன் ஸ்மிதர்ஸ் என்பவர் 1954-ல் கொண்டுவந்த சரக்கு. தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பூத்தண்டைப் பிடித்து நிற்கும். பச்சையாக இருப்பதால் பாசி என்றோ, மக்கிப் போகும் என்றோ நினைத்துவிட வேண்டாம்; அது பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்த பிளாஸ்டிக். பொடியானாலும் பிளாஸ்டிக்தான். மெல்போர்ன் நகரத்து விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்ததில் நன்னீரிலும் கடலிலும் உள்ள சிறு பிராணிகள் அந்தப் பொடியைத் தின்கின்றன என்று கண்டார்கள். 1861-ல் மேஜை அலங்காரப் போட்டி நடத்திற்று என்றேனே, அதே ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021-லிருந்து தன் கண்காட்சிகளில் அந்தக் கட்டியை உபயோகிக்கக் கூடாது என்று விலக்கிவிட்டது. அவர்கள் கழித்துக் கட்டியது வெண்ணந்தூர்ச் சாக்கடையில் மிதக்கிறது. நம் சட்டமும் சும்மா இல்லை. பந்தி மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடுத்திருக்கிறார்கள். அலங்காரத்துக்கு உபயோகிக்கும் தெர்மாகோலை 2022 ஜூலை 1 முதல் தேசம் முழுவதும் தடுத்திருக்கிறார்கள். அந்த மண்டபத்தில் மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டித்தான் ஒட்டியிருந்தார்கள்.

இதையெல்லாம்கூட நான் பெரிதுபண்ண மாட்டேன். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு காகிதம்.

அலங்காரக் கம்பெனிக்காரர் கொடுத்த அச்சடித்த காகிதம் அது. கலியாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் என் தம்பி அதை என்னிடம் நீட்டினான். டைமண்ட் மேஜை 4. ஒன்றுக்கு 2,400 ரூபாய். லில்லி, ஆர்க்கிட். கோல்டு மேஜை 10. ஒன்றுக்கு 1,100 ரூபாய். ஓசூர் ரோஜா, ஜெர்பரா. சில்வர் மேஜை 16. ஒன்றுக்கு 350 ரூபாய். துணிப் பூ, வாடகை. மொத்தம் 26,200. அது எத்தனை நாள் தறிச் சத்தம் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“டைமண்ட் யாருக்கப்பா?” என்றேன்.

“மாப்பிள்ளை வீட்டு முக்கியஸ்தருக்கும், நமக்கு நூல் கொடுக்கிறவங்களுக்கும்ங்ணா.”

“கோல்டு?”

“மாப்பிள்ளை வீட்டுச் சனத்துக்கு. அப்புறம் பொண்ணுகூட வேலை பார்க்கிறவங்க.”

“சில்வர்?”

“நம்மாளுங்கதான். பங்காளி, மாமன் மச்சான், தறிக்கு வர்ற ஆளுங்க.”

யோசித்துப் பாருங்கள். நெசவாளர் ஊரில், நெசவாளன் வீட்டுக் கலியாணத்தில், நெசவாளர்கள் உட்காருகிற மேஜைக்குத் துணிப் பூ, அதுவும் வாடகைக்கு. மறுநாள் ஒரு கிழவர் அந்தப் பூவின் இதழைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். “பாலியஸ்டர்” என்றார், பக்கத்தில் இருந்தவரிடம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அறுபது வருஷம் நூலைத் தொட்ட விரல். அதை ஏமாற்றவா முடியும்?

எங்கள் அம்மாயி ஒருத்தி இருக்கிறாள். மணப்பெண்ணுக்குக் கொள்ளுப்பாட்டி முறை. வயசு எண்பதைத் தாண்டிவிட்டது. கூடத்துக்குள் நுழைந்தவள் முதல் மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது டைமண்ட். சீருடை போட்ட ஒரு பையன் வந்து மரியாதையாகத்தான் சொன்னான்: “பாட்டி, இது மாப்பிள்ளை வீட்டு மேஜைங்க. உங்களுக்கு அங்கே போட்டிருக்குது.”

அம்மாயி அண்ணாந்து பார்த்தாள். “நான் பூவைப் பார்த்து உட்காரலை சாமி. காத்தாடி இருக்குதேன்னு உட்கார்ந்தேன்” என்றாள். கைத்தடியை ஊன்றி எழுந்து, துணிப் பூ இருக்கிற மேஜையைத் தேடிப் போனாள். பையன்மேல் குற்றமில்லை. அவன் கையில் அந்தக் காகிதத்தின் பிரதி இருந்தது.

நீளப் பந்தியில் இது நடந்திருக்க முடியுமா? பந்தியில் வந்தவர் வந்த இடத்தில் உட்காருவார். ஜில்லா கலெக்டருக்குப் பக்கத்தில் பாவு ஓடுகிறவர் உட்கார்ந்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே இலை, ஒரே வாளி, ஒரே கரண்டி. அடையாளம் வைப்பதற்கு மேஜையில் இடமே கிடையாது. பூச்சட்டி வந்ததும் அடையாளம் வைக்க ஒரு பீடம் கிடைத்துவிட்டது. பூவின் விலையைப் பார்த்து ஆளின் விலையைத் தெரிந்துகொள்ளலாம்.

‘பழைய பந்தி மட்டும் என்ன யோக்கியம்?’ என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். யோக்கியம் இல்லைதான். முதல் பந்தி இன்னாருக்கு, கடைசிப் பந்தி இன்னாருக்கு என்று இருந்தது. சில பேருக்குக் கூடத்திலே இலை. சில பேருக்குத் திண்ணையிலே. சில பேருக்கு வாசலுக்கு வெளியே, அதுவும் எல்லாரும் எழுந்த பிறகு. பெண்டுகள் எப்போது சாப்பிட்டார்கள் என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இரண்டு பேருக்குத் தனியே சாப்பாடு போட்டார்கள் என்பதற்காக 1924, 1925 ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரண்டுபட்டது. அந்தச் சண்டையில் பெரியாரோடு சேர்ந்து முன்னணியில் நின்றவர் டாக்டர் வரதராஜுலு நாயுடு. அவர் 1887-ல் பிறந்த ஊர் எது தெரியுமா? ராசிபுரம். என் தம்பியின் கலியாண மண்டபத்திலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். ஒரே வரிசையில் உட்காருவது என்பது தானாகக் கிடைத்த உரிமை அல்ல; சமபந்தி, சமபந்தி என்று தொண்டை வற்றக் கத்தி, ஏச்சும் பேச்சும் வாங்கி, ஒரு தலைமுறை பாடுபட்டுச் சம்பாதித்துக் கொடுத்தது. ஜாதியின் பெயரால் வேறு மேஜை போட்டால் இன்று ஊர் சும்மா இருக்காது, போலீஸ் வரும். டைமண்ட், கோல்டு, சில்வர் என்று பெயர் வைத்துப் போட்டால், ‘அலங்காரம் பிரமாதம்’ என்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம்.

பெண்ணின் ஆசை என்று ஒரு வாதம் உண்டு. என் தம்பியும் அதைத்தான் சொன்னான்: “பொண்ணு ஆசைப்பட்டுச்சுங்ணா.” நான் அந்தப் பெண்ணையே கேட்டேன். அவள் சொன்னது இதுதான்: “சாப்பிடற இடத்தில் கொஞ்சம் பூ வைக்கலாம்னு சொன்னேன் பெரியப்பா. மூணு தரமாப் பிரிச்சது எனக்குத் தெரியாது.” ஆசை அவளுடையது, தரம் பிரித்தது கம்பெனியின் அச்சடித்த காகிதம். மணப்பெண்ணின் ஆசைக்குள் இப்படி எத்தனையோ பேருடைய வியாபாரம் ஒளிந்துகொள்கிறது.

வட்ட மேஜையில் குடும்பத்தோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டு சாப்பிடலாம் என்பது இன்னொரு வாதம். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நின்று, நாம் மோர் சாதத்துக்கு வந்துவிட்டோமா என்று எட்டிப் பார்க்கும் அநாகரிகத்தை நான் ஆதரிக்க மாட்டேன். சாயங்கால வரவேற்பில் இட்லி, தோசை, தட்டு என்று இருந்தால் வட்ட மேஜையே போடுங்கள். ஆனால் முகம் பார்த்துப் பேசுவதற்குத்தான் வட்ட மேஜை என்றால், நடுவில் முகத்தை மறைக்கிற மாதிரி ஒரு குட்டிச் சுவர் எதற்கு? வெண்ணந்தூரில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர் யார் என்பது கை கழுவும் இடத்தில்தான் தெரிந்தது. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்!

பூ விவசாயி பிழைக்க வேண்டாமா என்பார்கள். தாராளமாகப் பிழைக்கட்டும். வெண்ணந்தூருக்குச் சமீபத்தில் பனமரத்துப்பட்டி வட்டாரம் முழுக்கப் பூத்தான். அங்கே பேர்போனது அரளி. சாமிக்குச் சாத்தலாம், தோரணம் கட்டலாம். இலை பக்கத்தில் மட்டும் கொண்டுவரக் கூடாது, அது விஷம். இந்தச் சாதாரண விஷயம் தெரியாமல் அரளியைச் சாப்பாட்டு மேஜையில் தூவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சம்பங்கி, சாமந்தி, கோழிக்கொண்டை, மரிக்கொழுந்து எல்லாம் சேலம் பூ மார்க்கெட்டில் கிடைக்கும். தூரதேசத்து லில்லி எதற்கு?

திட்டினது போதும், நீர் என்ன செய்யச் சொல்கிறீர் என்று கேட்பது நியாயம். அலங்காரமே கூடாது என்பது என் கட்சி அல்ல. அலங்காரம் எங்கே என்பதுதான் கேள்வி. நீளப் பந்தியில் உட்கார்ந்திருப்பவன் தலை நிமிர்ந்தால் என்ன பார்க்கிறான்? எதிர் வரிசை மேஜையின் முன்பக்கத்தைப் பார்க்கிறான். மூங்கில் காலும், மடக்குக் கம்பியும், பழுப்புக் கறையும் தெரிகிற முன்பக்கம். ஒருவராவது அதைக் கவனித்ததுண்டா? அங்கே துணி கட்டுங்கள். வெண்ணந்தூரில் ஏது துணிக்குப் பஞ்சம்? வழுவழுத் துணியை வாடகைக்கு எடுத்துவருவதற்குப் பதில் நம் தறியில் நெய்த ஒரு கரைத் துணியை மேஜை நெடுக மடிப்பு வைத்துத் தொங்கவிட்டால், எதிரே இருப்பவன் சாப்பிடுகிற நேரமெல்லாம் அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கலியாணம் முடிந்ததும் அதைக் கிழித்துத் தலையணை உறையாகவாவது தைக்கலாம். அதன்மேல் தென்னங்குருத்துத் தோரணம். குருத்தில் கிளியும் விசிறியும் மடிக்கத் தெரிந்த கைகள் இன்னும் ஊருக்கு நாலு இருக்கின்றன. அவர்களுக்குக் கூலி கொடுங்கள்.

வரிசையின் இரண்டு கோடியிலும் யாரும் உட்காருவதில்லை. அங்கே நிறைகுடம் வையுங்கள். முளைப்பாலிகை வையுங்கள். நவதானியத்தை மண் கிண்ணத்தில் விதைத்து, முகூர்த்தத்துக்குள் விரற்கடை உயரம் முளைத்து நிற்கிறதே, அதைவிடக் கலியாணத்துக்குப் பொருத்தமாக எந்தக் கம்பெனி எதைக் கண்டுபிடித்துவிட்டது? கொல்லிமலை அன்னாசி பத்தை அடுக்கி, சுற்றிலும் வெற்றிலைக் கவுளியை விசிறி மாதிரி வைத்தால் கோபுரம் மாதிரி இருக்கும். பந்தி முடிந்ததும் பழத்தை நறுக்கிக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். லில்லியை நறுக்கிக் கொடுக்க முடியுமா?

வட்ட மேஜைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் தண்ணீர், தண்ணீரில் நாலு சாமந்தி. வாசனை தூக்கலான பூ வேண்டாம். ரசத்தின் மணத்தோடு சண்டை போடும். உயரம் ஒரு சாண். பச்சைக் கட்டி வேண்டாம். தண்டு நிற்க வேண்டுமானால் ஒரு கைப்பிடிக் கூழாங்கல் போதும். முப்பது மேஜைக்கும் முப்பது தாம்பாளம், எல்லாவற்றிலும் அதே நாலு சாமந்தி. மாப்பிள்ளையின் தகப்பனார் உட்காருகிற மேஜையில் ஐந்தாவது பூ கூடாது.

அலங்காரக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. படம் காட்டி முன்பணம் வாங்குவதற்கு முன்னால் அவர் ஒரு பரீட்சை எழுத வேண்டும். மேஜை எல்லாம் போட்டு, நாற்காலியில் ஆட்களை உட்காரவைத்து, அவர் கையில் ஒரு வாளி நிறையச் சூடான சாம்பாரைக் கொடுக்க வேண்டும். வேஷ்டி கட்டிக்கொண்டு அவர் முப்பது மேஜைக்கும் ஒரு சுற்றுப் போய்ப் பரிமாறிவிட்டு வரட்டும். எங்கள் அம்மாயி காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு இரண்டு கரண்டி ஊற்றி, போதுமா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு வரட்டும். அதன் பிறகு பூச்சட்டியை எங்கே வைப்பது என்று பேசலாம்.